ரஷ்யாவும் மத்திய ஆசியாவும் படிக்க ஆசை: மொழியை எங்கே கற்பது, எங்கே சேருவது, பணத்துக்கு என்ன வழி?

வரலாற்றில் பி.ஏ. முடித்துவிட்டேன், ரஷ்யாவையும் மத்திய ஆசியாவையும் பற்றி மேலே படிக்க வேண்டும், மொழி ஒரு எழுத்துகூடத் தெரியாது, வீட்டில் பெரிய செலவு செய்ய வசதியில்லை, போர் நடக்கிற நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள், நான் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு கேள்விக்குள்ளேயே நாலைந்து கேள்வி இருக்கிறது. ஒவ்வொன்றாக வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பல்கலைக்கழகத்தைத் தேடுவதற்கு முன்னால் மொழியைப் பிடியுங்கள். இந்தத் துறைக்கு விண்ணப்பிக்கும் பலர் பெரிய பல்கலைக்கழகப் பெயர்களைப் பட்டியல் போட்டு வைத்திருப்பார்கள், கையில் மொழி இருக்காது. முதுகலைக்குள் நுழைந்தபிறகு அகரவரிசையிலிருந்து தொடங்கினால், இரண்டு வருடம் முடியும்போது செய்தித்தாள் தலைப்பு படிக்கத்தான் வரும். மூல ஆவணத்தைப் படிக்க முடியாது, ஆய்வேடு முழுக்க ஆங்கிலத்தில் அடுத்தவர் எழுதியதை வைத்து ஓட்ட வேண்டியதாகிவிடும். இடைநிலை வரைக்கும் ஒரு மொழியை வைத்துக்கொண்டு விண்ணப்பிப்பவரைத் தேர்வுக் குழு தனியாக எடுத்து வைக்கும். ஒரு வருடம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, மொழியோடு போங்கள்.

அடுத்து, போர். 2022 பிப்ரவரி 24இல் ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்த பிறகு இந்தத் துறையே தன்னைத்தானே கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறது, அதனால் உங்கள் வீட்டில் கேட்பதில் தவறில்லை. இந்தப் படிப்பு பெரிதாக வளர்ந்ததே பனிப்போர்ப் பணத்தில்தான். 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது, அடுத்த வருடமே அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு மொழிப் படிப்புகளுக்குப் பணத்தைக் கொட்டியது. எதிரியைப் படிக்க வேண்டும், எதிரி மாஸ்கோவில் இருக்கிறான் என்பதுதான் அன்றைய கணக்கு. அதனால் எல்லாமே மாஸ்கோவிலிருந்து பார்க்கப்பட்டது. உக்ரைன், கசகஸ்தான், ஜார்ஜியா எல்லாம் ஓரமாக ஒரு அத்தியாயத்தில் வந்துபோயின. இப்போது அது மாறுகிறது. இந்தத் துறைக்கென்று அமெரிக்காவில் 1948 முதல் இருக்கிற பெரிய சங்கம், 2023 ஆண்டு மாநாட்டுக்குக் காலனியநீக்கம் என்பதையே தலைப்பாக வைத்தது. லண்டனிலிருந்து எழுதப்பட்ட நம் வரலாற்றை நாம் திருப்பி எழுத எவ்வளவு பாடுபட்டோம் என்று வரலாறு படித்த உங்களுக்குத் தெரியும். அந்த அனுபவத்தோடு தாஷ்கண்டையோ கீவையோ பார்க்கிற ஆள் இந்தத் துறைக்கு இப்போது தேவை. அதனால் படியுங்கள். ரஷ்யன் படிப்பது ஒரு அரசை ஆதரிப்பது ஆகாது. கீவில் பிறந்த பலருக்கும் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கின் டாக்ஸி ஓட்டுநருக்கும்கூட அது பேச்சு மொழிதான். ஆனால் ரஷ்யனோடு நிறுத்திவிடாதீர்கள், அந்தப் பகுதியின் இன்னொரு மொழியையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ரஷ்யன், அது காலூன்றியதும் உஸ்பெக்கோ உக்ரைனியனோ ஜார்ஜியனோ. இன்றைக்கு நல்ல ஆய்வாளர் என்று பெயர் எடுப்பவர்கள் பெரும்பாலும் இப்படி இரண்டு மொழிக்காரர்கள்தான்.

சரி, மொழிக்கு வருவோம். ரஷ்யன் கஷ்டம் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுகிறவருக்கு ரஷ்யன் வர ஏறக்குறைய 1,100 வகுப்பு மணிநேரம் ஆகும் என்று கணக்கு வைத்திருக்கிறது. அது ஆங்கிலத்திலிருந்து போகிறவருக்கு. தமிழிலிருந்து போகிற உங்களுக்குச் சில கதவுகள் ஏற்கெனவே திறந்திருக்கின்றன. ரஷ்யனில் ஆறு வேற்றுமை, நமக்கு எட்டு. சொல்லின் கடைசியை மாற்றி அர்த்தத்தை மாற்றுவது நமக்கு மூன்றாம் வகுப்பிலேயே பழகியது. இன்னொன்றும் உண்டு. புத்தகம் வாங்கினேன் என்று ஐ உருபு இல்லாமலே சொல்கிறோம், அண்ணன் பார்த்தேன் என்று சொல்ல முடியாது, அண்ணனைப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ரஷ்யனிலும் ஆண்பால் பெயர்களில் கிட்டத்தட்ட இதேதான்: உயிருள்ள பெயர் இரண்டாம் வேற்றுமையில் உருமாறும், உயிரில்லாதது அப்படியே நிற்கும். ஆங்கிலம் வழியாகக் கற்றுக்கொள்ளும் மாணவர் இதற்காக வாரக்கணக்கில் திணறுவார், தமிழ் மாணவருக்கு ஒருமுறை காட்டினால் போதும். வினைச்சொற்கள் இரட்டை இரட்டையாக வரும்போதும் அப்படித்தான். படித்தேன், படித்துவிட்டேன் என்கிற வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். முழுக்கப் பொருந்தாது, ஆனால் பிடித்துக்கொள்ள ஒரு கிளை கிடைக்கும்.

கஷ்டமானதும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால், ஜன்னல் நடுப்பால் என்றால் நமக்கு மனம் ஒப்பாது, மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். போவதைச் சொல்லும் வினைகள் அதைவிடக் கொடுமை. நடந்து போனால் ஒரு வினை, வண்டியில் போனால் இன்னொன்று. இப்போது ஒரு திசையில் போய்க்கொண்டிருந்தால் ஒன்று, போய்விட்டு வருகிற வழக்கம் என்றால் வேறு. இதோடு முன்னொட்டுகள் சேர்ந்தால் ஒரு சிறிய காடே ஆகிவிடும். அப்புறம் கையெழுத்து. அச்செழுத்து மட்டும் தெரிந்தால் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்தால் பாதிக் கோப்புகள் கையெழுத்தில்தான் இருக்கும். அதில் த ஒலிக்கான எழுத்து ஆங்கில எம் போல இருக்கும், இ, ல, ம, ஷ எல்லாம் வரிசையாக வந்தால் ஒரே அலையாக ஓடும், எங்கே ஒரு எழுத்து முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்றே தெரியாது. முதல் மாதத்திலிருந்தே கையால் எழுதிப் பழகுங்கள். வரலாற்று மாணவருக்கு இது விருப்பப் பாடமில்லை.

உஸ்பெக் போன்ற துருக்கிய மொழிகள் நமக்கு இன்னும் நெருக்கம். வினை கடைசியில் வரும், உருபுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும், இலக்கணப் பால் என்று எதுவும் கிடையாது. கிதோப்லாரிமிஸ்தா என்று ஒரு உஸ்பெக் சொல். கிதோப் என்றால் புத்தகம் (நம் ஊரில் கிதாபு என்று சொல்கிறோமே, அதே அரபுச் சொல்தான்), லார் பன்மை, இமிஸ் என்றால் எங்கள், தா என்றால் இல். எங்கள் புத்தகங்களில், அவ்வளவுதான். புத்தகம், கள், இல் என்று நாம் அடுக்குகிற அதே அடுக்கு. உஸ்பெகிஸ்தான் 1993இல் லத்தீன் எழுத்துக்கு மாறச் சட்டம் போட்டது, ஆனாலும் ரஷ்யனை எழுதுகிற சிரிலிக் எழுத்து இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, சோவியத் காலத்து நூல்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன, இரண்டையும் படிக்கப் பழகிக்கொள்ள வேண்டும். பாடநூல் கிடைக்காதே என்று கவலைப்பட வேண்டாம். இந்தியானா பல்கலைக்கழகத்தில் மத்திய ஆசிய மொழிகளுக்கென்றே 2002இல் தொடங்கிய மையம் ஒன்று பாடநூல்கள் தயாரித்திருக்கிறது. அமெரிக்க அமைதிப் படை (பீஸ் கோர்ப்ஸ் என்னும் தன்னார்வலர் அமைப்பு) வெளியிட்ட பழைய பயிற்சிக் கையேடுகள் கிர்கிஸ், கசாக், ஜார்ஜியன், ஆர்மீனியன் மொழிகளுக்கு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அழகாக இருக்காது, ஆனால் சந்தையில் காய்கறி வாங்குவதிலிருந்து பாடம் தொடங்கும்.

இனி எங்கே கற்பது. சென்னையில் இருந்தால் ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலையில் ரஷ்ய கலாசார மையம் இருக்கிறது. வகுப்புகள் நடத்துகிறார்கள், தொடக்கத்துக்கு நல்ல இடம். மாஸ்கோவில் 1966 முதல் இருக்கிற புஷ்கின் ரஷ்ய மொழி நிறுவனம் இணையத்தில் இலவசப் பாடங்கள் வைத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒழுங்காக உழைத்தால் ஒரு வருடத்தில் அடிப்படை நிலையைத் தாண்டிவிடலாம். ரஷ்ய மொழிக்கான அரசுத் தேர்வு ஒன்று ஆறு படிகளில் உண்டு. அதில் பி1, அதாவது முதல் சான்றிதழ் நிலை, ரஷ்யாவில் இளங்கலை சேரக் கேட்கிற அளவு. உங்கள் முதல் இலக்காக அதையே வைத்துக்கொள்ளுங்கள். கைபேசிச் செயலிகளை நம்பி உட்காராதீர்கள். எழுத்து பழக உதவும், அதற்குமேல் ஆசிரியர் வேண்டும், பேச ஆள் வேண்டும்.

இந்தியாவுக்குள்ளேயே படிக்க முடியுமா என்றால் தாராளமாக முடியும், இதைப் பலர் யோசிப்பதே இல்லை. டெல்லியில் 1965இல் ரஷ்ய ஆய்வு நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டு, பிறகு ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இன்றைய ரஷ்ய ஆய்வு மையத்தின் வேர் அதுதான். அங்கே பி.ஏ. (ஹானர்ஸ்) ரஷ்யன் பூஜ்யத்திலிருந்து தொடங்கும், சியுஇடி என்னும் பொது நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்க்கை. எம்.ஏ. ரஷ்யனுக்கு மொழி ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும், ஆகவே உங்கள் வரலாற்றுப் பட்டத்தை மட்டும் வைத்து நேராக அதில் நுழைய முடியாது. ஆனால் அதே வளாகத்தில் சர்வதேச ஆய்வுப் பள்ளியில் ரஷ்ய, மத்திய ஆசிய ஆய்வுகளுக்குத் தனி மையம் இருக்கிறது, முதுகலை முடித்தபிறகு முனைவர் பட்டத்துக்கு உங்களுக்குப் பொருத்தமான இடம் அதுதான். கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான், விடுதிச் செலவு தனி. டெல்லி பல்கலைக்கழகத்தில் ஸ்லாவிய (ரஷ்யன் சேர்ந்த மொழிக் குடும்பம்), ஃபின்னோ-உக்ரிய ஆய்வுத் துறை இருக்கிறது. போலிஷ், செக், பல்கேரியன் என்று ரஷ்யனைத் தாண்டியும் அங்கே கற்கலாம், வேறு படிப்பு படித்துக்கொண்டே சான்றிதழ், டிப்ளமோ என்று படிப்படியாக ஏறலாம். ஹைதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம், திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் ரஷ்யத் துறை, மும்பைப் பல்கலைக்கழகத்தில் மத்திய யூரேசிய ஆய்வு மையம், ஸ்ரீநகரில் காஷ்மீர் பல்கலைக்கழகத்தின் மத்திய ஆசிய ஆய்வு மையம் எல்லாம் உண்டு. தென்மாவட்டத்து ஆளுக்குத் திருவனந்தபுரம் ஒரு ராத்திரி ரயில் தூரம்தானே.

பணம் என்று வந்தால் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வை மறக்காதீர்கள். ரஷ்யன் தனிப் பாடமாகவே நெட்டில் இருக்கிறது, சர்வதேச, பிராந்திய ஆய்வுகளும் இருக்கிறது, வரலாறு உங்களுக்கு எப்படியும் இருக்கிறது. அதில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. 2024 முதல் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் நெட் மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்கிறார்கள். வெளிநாட்டு உதவித்தொகைக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவர்களில் பலர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை, எனக்கு அது வருத்தமாகவே இருக்கும். முதுகலையை இங்கே முடித்து, ஜேஆர்எஃபோடு முனைவர் பட்டம் சேர்ந்து, களப்பணிக்கு வெளியே போவது நம் மாதிரிக் குடும்பத்து ஆட்களுக்கு மிகவும் பாதுகாப்பான பாதை.

வெளியே போவதென்றால் என் முதல் பரிந்துரை, எராஸ்மஸ் முண்டுஸ். ஐரோப்பிய ஒன்றியத்தின் பணம், இரண்டு வருட முதுகலை, தேர்வானால் மாதம் 1,400 யூரோ, படிப்புக் கட்டணத்தையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இந்திய மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் பெரிய எண்ணிக்கையில் வாங்குகிற உதவித்தொகை இது. நம் துறைக்கு கிளாஸ்கோ பல்கலைக்கழகம் தலைமையில் ஒரு கூட்டுப் படிப்பு இருக்கிறது: மத்திய, கிழக்கு ஐரோப்பிய, ரஷ்ய, யூரேசிய ஆய்வுகள். முதல் வருடம் கிளாஸ்கோ, அப்புறம் எஸ்தோனியாவின் தார்த்து, போலந்தின் கிராகோவ் என்று கூட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒன்று. மொழி வகுப்பு பாடத்திட்டத்துக்குள்ளேயே வரும். இந்தக் கூட்டுப் படிப்புகளுக்கு நிதி சுற்று சுற்றாகத்தான் வரும், நீங்கள் விண்ணப்பிக்கிற வருடத்தில் உதவித்தொகை அறிவித்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். லண்டனில் யூசிஎல் (யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன்) நடத்தும் ஸ்லாவிய, கிழக்கு ஐரோப்பிய ஆய்வுப் பள்ளி 1915இல் தொடங்கியது, பின்னாளில் செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் குடியரசுத் தலைவரான மசாரிக்தான் தொடக்கவுரை ஆற்றினார். சிறிய மொழிகள் பலவற்றுக்கு அங்கே ஆசிரியர் இருக்கிறார். ஆனால் லண்டன் செலவு நம்மால் தாங்காது, பிரிட்டிஷ் அரசின் செவ்னிங் உதவித்தொகை கிடைத்தால்தான் யோசிக்கலாம், அதற்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும்.

யாரும் கவனிக்காத இரண்டு வழிகளைச் சொல்கிறேன். ஒன்று, செக் குடியரசு. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் செக் மொழியில் படித்தால் வெளிநாட்டு மாணவருக்கும் கல்விக் கட்டணம் கிடையாது. ஆங்கிலத்தில் படித்தால் கட்டணம் உண்டு. டெல்லியில் செக் கற்றுக்கொண்டு பிராகாவுக்கோ பர்னோவுக்கோ போகிற பாதை நிஜமாகவே இருக்கிறது, பொறுமைதான் வேண்டும். இன்னொன்று, செர்பியா. அணிசேரா இயக்க நாடுகளின் மாணவர்களுக்கென்றே செர்பிய அரசு ஒரு உதவித்தொகை வைத்திருக்கிறது, முதலில் ஒரு வருடம் செர்பிய மொழி, அப்புறம் செர்பிய மொழியிலேயே பட்டப்படிப்பு. நேரு, டிட்டோ, நாசர் என்று பாடத்தில் படித்த கூட்டணியின் பலன் இன்றைக்கும் இப்படி ஒரு ஓரத்தில் கிடக்கிறது. இருபதாம் நூற்றாண்டு வரலாறு படித்த ஒருவர், யுகோஸ்லாவியாவுக்கும் இந்தியாவுக்கும் இருந்த உறவை பெல்கிரேட் ஆவணங்களை வைத்து எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை, பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் 1951 முதல் கிழக்கு ஐரோப்பிய நிறுவனம் இருக்கிறது, ஆனால் ஜெர்மனும் தெரிந்தால்தான் உங்களால் அங்கே முழுதாக வாழ முடியும். ஜப்பானில் சப்போரோவின் ஹொக்கைடோ பல்கலைக்கழக ஸ்லாவிய-யூரேசிய ஆய்வு மையம் ஆசியாவிலேயே பெரிய பெயர், முனைவர் பட்டத்துக்குப் பிறகு யோசியுங்கள். கசகஸ்தான் தலைநகர் அஸ்தானாவில் நசர்பாயேவ் பல்கலைக்கழகம் ஆங்கிலத்திலேயே யூரேசிய ஆய்வுகளில் முதுகலை நடத்துகிறது. நீங்கள் படிக்கப்போகிற இடத்திலேயே உட்கார்ந்து படிக்கலாம், சுற்றிலும் கசாக்கும் ரஷ்யனும் காதில் விழுந்துகொண்டே இருக்கும், அதனால் எனக்கு அது மிகவும் பிடித்த தெரிவு.

அமெரிக்காவைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். அங்கே மொழிக்கென்று அரசு தரும் நிதிகள் பெரும்பாலும் அந்நாட்டுக் குடியுரிமை அல்லது நிரந்தரக் குடியேற்றம் உள்ளவர்களுக்கு மட்டும்தான், உங்களுக்கு அல்ல. அங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் அவர்கள் கவனிக்க வேண்டும், அந்த நிதிகளிலும் 2025இல் பெரிய வெட்டு விழுந்திருக்கிறது. ஸ்லாவியத் துறைகளின் முனைவர் பட்டம் மட்டும் எல்லா நாட்டவருக்கும் திறந்தது, கட்டணம் தள்ளுபடி, மாத உதவி, பதிலுக்கு மொழி வகுப்பு எடுக்க வேண்டும். இடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன, அதை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். வெர்மான்ட்டில் மிடில்பரி கல்லூரியின் ரஷ்யக் கோடைப் பள்ளி 1945 முதல் நடக்கிறது. சேரும்போதே உறுதிமொழியில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், முடியும்வரை சாப்பாட்டு மேசையில்கூட ரஷ்யன் தவிர வேறு பேசக் கூடாது. போக முடியாவிட்டாலும் அந்த முறையை வீட்டில் ஒரு நண்பரோடு வாரம் ஒரு நாள் செய்து பாருங்கள், நாக்கு திரும்பும்.

ரஷ்யாவுக்கே போகலாமா? ரஷ்ய அரசின் இடஒதுக்கீட்டு உதவித்தொகை இந்தியர்களுக்கு ஒவ்வொரு வருடமும் உண்டு, ரஷ்ய மையம் வழியாக விசாரிக்கலாம். கட்டணம் கிடையாது, விடுதி உண்டு, மொழி தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு வருட ஆயத்த வகுப்பு, மாணவர்கள் அதைப் பொத்ஃபாக் என்பார்கள். கையில் வரும் மாதத் தொகை சாப்பாட்டுக்குக்கூடப் போதாது, விமானம், காப்பீடு எல்லாம் உங்கள் செலவு. 2022 மார்ச்சில் விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் அங்கே நின்றுவிட்டன, நம் ஊர் வங்கி அட்டை வேலை செய்யாது, பணம் அனுப்புவதே தனித் தலைவலி. சமகால அரசியல், போர், மனித உரிமை என்று எதைத் தொட்டாலும் ஆய்வு செய்ய முடியாத நிலை. ஸ்டாலின் கால அடக்குமுறையை ஆவணப்படுத்திய மெமோரியல் அமைப்பையே 2021 டிசம்பரில் நீதிமன்றம் கலைக்க உத்தரவிட்டது, அடுத்த வருடம் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவராக அந்த அமைப்பு இருந்தது. பழைய இலக்கியம், மொழியியல் என்றால் இன்னும் வாய்ப்பு இருக்கிறது. வரலாறு என்றால் சோவியத் கோப்புகளைப் பார்க்க மாஸ்கோ ஒன்றுதான் வழி என்றில்லை. உக்ரைன் 2015இல் சட்டம் போட்டுப் பழைய உளவுத் துறைக் கோப்புகளைத் திறந்துவிட்டது, ஜார்ஜியாவிலும் பால்டிக் நாடுகளிலும் காப்பகங்களில் உட்கார்ந்து பலர் நல்ல ஆய்வுகளை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உதவியாளர் வேலை, படிப்பு விசா என்று சொல்லி அழைத்துப்போய், இந்திய இளைஞர்களை ரஷ்ய ராணுவத்தில் சேர்த்துவிட்ட ஏஜென்ட்கள் மீது 2024இல் சிபிஐ வழக்குப் பதிந்தது. போனவர்களில் சிலர் போர்முனையில் செத்திருக்கிறார்கள். உங்களால் படிக்க முடியாத மொழியில் எழுதிய எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள், எவ்வளவு நல்லவர் கொடுத்தாலும் சரி. உதவித்தொகைக்கு ஏஜென்ட் தேவையே இல்லை. பணம் கேட்கிறவரிடம் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

மொழிக்காக மட்டும் சில மாதம் போவதென்றால் இன்று உலகம் முழுக்க மாணவர்கள் போகிற ஊர்கள் கசகஸ்தானின் அல்மாட்டி, கிர்கிஸ்தானின் பிஷ்கெக், ஜார்ஜியாவின் திபிலிசி, ஆர்மீனியாவின் யெரெவான், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் என்றால் லாத்வியாவின் தவுகாவ்பில்ஸ். நமக்குக் கட்டுப்படியாகக்கூடியது பிஷ்கெக். தனி ஆசிரியரோடு ஒருவருக்கொருவர் வகுப்பு அங்கே சாதாரணம். காலையில் வகுப்பு, மத்தியானம் ஓஷ் பஜாரில் போய் அதே வினைச்சொற்களை வைத்து உலர்திராட்சை பேரம் பேசலாம். கடைக்காரர் ரஷ்யனில் விலை சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடைக்காரரிடம் கிர்கிஸில் பேசுவார், இரண்டாவது மொழி ஏன் வேண்டும் என்று அங்கே நிற்கும்போதே புரிந்துவிடும். மருத்துவம் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் அந்த ஊரில் இருக்கிறார்கள், இந்திய மெஸ்களும் உண்டு. ஆனால் 2024 மே மாதம் தெற்காசிய மாணவர் விடுதிகளைக் கும்பல் தாக்கிய சம்பவமும் அங்கேதான் நடந்தது. தங்குமிடத்தை விசாரித்துத் தேர்ந்தெடுங்கள், ராத்திரி தனியாகச் சுற்ற வேண்டாம்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். விண்ணப்பத்தில் ஆய்வுத் தலைப்பு என்று ஒரு பகுதி வரும். எல்லோரும் புதின், நேட்டோ, எரிவாயு என்று எழுதுவார்கள். உங்கள் கையில் அவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது, தமிழ். மாஸ்கோவில் முன்னேற்றப் பதிப்பகம், பிறகு 1982இல் பிரிந்து வந்த ராதுகா, இவை பல பத்தாண்டுகள் தமிழில் புத்தகம் அச்சிட்டு அனுப்பின. பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா, நா. தர்மராஜன் போன்றவர்கள் மாஸ்கோ பதிப்பகங்களுக்காக மொழிபெயர்த்தார்கள். 1951இல் தொடங்கிய நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் ஊர் ஊராக அவற்றை விற்றது. பழைய பிரதி ஒன்று கிடைத்தால் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்: மொழிபெயர்ப்பும் அமைப்பும் எப்படி இருக்கிறது என்று எழுதும்படி வாசகர்களைக் கேட்டு, சூபவ்ஸ்கி புல்வார், மாஸ்கோ என்று முகவரி போட்டிருப்பார்கள். நம் ஊர்க்காரர்கள் அந்த முகவரிக்கு என்ன எழுதினார்கள், யார் பதில் போட்டார்கள், எந்தப் புத்தகத்தைத் தமிழில் போடலாம் என்று யார் முடிவு செய்தார்கள்? மாஸ்கோ வானொலியின் தமிழ்ப் பிரிவில் யார் வேலை பார்த்தார்கள்? 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்தபோது அங்கேயே தங்கிவிட்டவர்கள் என்ன ஆனார்கள்? இவ்வளவு கேள்விக்கும் ரஷ்யனும் தமிழும் ஒருசேரத் தெரிந்தவரால்தான் பதில் எழுத முடியும். பாதி ஆதாரம் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும், பழைய புத்தகக் கடைகளிலும், தோழர்கள் வீட்டுப் பரண்களிலும் தேட வேண்டியது. அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது, அதனால் இதைச் சீக்கிரம் செய்ய வேண்டும்.

எதிர்த் திசையிலும் ஒரு கதை இருக்கிறது, அங்கிருந்து தமிழுக்கு வந்த அறிஞர்களின் கதை. அலெக்சாந்தர் மெர்வார்த் 1914இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்து, திரும்பிப் போய் லெனின்கிராதில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) தமிழ் கற்பித்தார். 1930இல் கைது செய்யப்பட்டு, 1932இல் கட்டாய உழைப்பு முகாமில் இறந்தார். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பல தலைமுறைக்குத் தமிழ் சொல்லித்தந்த அலெக்சாந்தர் துபியான்ஸ்கி 2020இல் காலமானார். செக் நாட்டில் தமிழுக்காக உழைத்தவர்கள் கமில் சுவெலபில், அவருக்குப் பின் யாரோஸ்லாவ் வாசெக். நம் மொழிக்காக உழைத்த இவர்களுடைய ரஷ்ய, செக் கட்டுரைகளில் பெரும்பகுதி இன்னும் தமிழுக்கு வரவில்லை.

வேலை கிடைக்குமா என்று வீட்டில் கேட்பார்கள், அதற்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள். கூடங்குளத்தில் ரஷ்யத் தொழில்நுட்பத்தில் இரண்டு உலைகள் ஓடுகின்றன, இன்னும் நான்கு கட்டுமானத்தில் இருக்கின்றன, அங்கே மொழிபெயர்ப்பாளர்கள் தேவைப்படுகிறார்கள். பாதுகாப்புத் துறை, மருந்து ஏற்றுமதி, மென்பொருள் நிறுவனங்களின் வாடிக்கையாளர் சேவை என்று மற்றவையும் உண்டு. ஆசிரியர் வேலை குறைவு, அதை நம்பி மட்டும் இறங்க வேண்டாம். பி1க்கு அடுத்த படியான பி2 நிலைக்கு வந்தவருக்கு மொழிபெயர்ப்பில் வயிற்றுப்பாட்டுக்குக் குறைவிருக்காது.

கால அட்டவணையைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய முதுகலை விண்ணப்பங்கள் பெரும்பாலும் அக்டோபரில் திறந்து ஜனவரி வாக்கில் மூடும், ரஷ்ய இடஒதுக்கீடும் இலையுதிர்காலத்தில் தொடங்கும். அப்படியென்றால் இந்த வருடம் மொழி வகுப்பில் சேர்ந்து, அடுத்த வருடம் அக்டோபருக்குள் பி1 பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். நடுவில் பேராசிரியர் ஒருவரிடம் பத்துப் பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதிக் காட்டுங்கள், பரிந்துரைக் கடிதத்தில் அவருக்கு எழுத ஏதாவது இருக்க வேண்டுமே. வெளிநாட்டுப் பேராசிரியருக்கு அஞ்சல் எழுதும்போது அவர் எழுதிய ஒரு கட்டுரையையாவது படித்துவிட்டு, உங்கள் கேள்வியை நாலு வரியில் கேளுங்கள், பொதுவாகப் புகழ்ந்து எழுதிய கடிதத்துக்கு யாரும் பதில் போடுவதில்லை. பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை வாங்க மாநில அரசு, அப்புறம் வெளியுறவு அமைச்சகம் என்று இரண்டு படி ஏற வேண்டும், பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பட்டம், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயரும் முதலெழுத்தும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், இல்லையென்றால் திருத்தத்துக்கு இப்போதே மனு போட்டுவிடுங்கள்.